வெள்ளிச் சுரங்கமும் கரிமூட்டமும்: இடைக்கால ஐரோப்பாவின் காடுகளுக்கு என்ன ஆயிற்று? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எந்த ஊர், எந்தக் காலம்?

பெரும்பாலும் ஜெர்மனியின் நடுவில் இருக்கும் ஹார்ஸ் மலைதான். அதன் வடக்கு ஓரத்தில் கோஸ்லார் நகரம், நகரத்தை ஒட்டி ராம்மெல்ஸ்பெர்க் குன்று. 968-ஆம் ஆண்டையொட்டி அங்கே வெள்ளித் தாது எடுக்கப்பட்டது எழுத்தில் பதிவாகியிருக்கிறது. கடைசித் தாது வண்டி வெளியே வந்தது 1988-இல். இவ்வளவு நீண்ட கணக்கு வேறு இடத்தில் கிடைப்பது அரிது என்பதால் ஹார்ஸை மையமாக வைத்துக்கொண்டு, தேவைப்படும் இடத்தில் இங்கிலாந்து, சாக்சனி, நியூரம்பெர்க் பக்கம் எட்டிப் பார்க்கிறோம். காலம் சுமாராக 10-ஆம் நூற்றாண்டிலிருந்து 15-ஆம் நூற்றாண்டு வரை.

சுரங்கம் என்றால் கல்லும் மண்ணும்தானே? மரம் எதற்கு?

தாது பூமிக்குள் இருக்கும். அதை வெளியே கொண்டுவந்து உலோகமாக்கும் வேலை முழுவதும் மரத்தில்தான் ஓடியது.

முதல் செலவு பாறையை உடைப்பது. வெடிமருந்து சுரங்கத்துக்குள் வந்தது 1627-இல், இன்றைய ஸ்லோவாக்கியாவின் பான்ஸ்கா ஷ்டியாவ்னிட்சாவில். அதற்கு முன்பு கடினமான பாறைக்கு ஒரே வழி தீ. பாறை முகத்தில் விறகை அடுக்கி வார இறுதியில் கொளுத்திவிடுவார்கள். ஆட்கள் வெளியே. சூட்டில் பாறை விரிந்து விரிசல் விடும், பாளம் பாளமாக உதிரும். புகை அடங்கியதும் உள்ளே போய்க் கடப்பாரையும் ஆப்பும் வைத்துப் பெயர்ப்பார்கள். ராம்மெல்ஸ்பெர்க் தாது அவ்வளவு கடினம். அங்கே வெடிமருந்து வந்த பிறகும் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை இந்த முறை தொடர்ந்தது.

இரண்டாவது, முட்டுக்கட்டை. தோண்டிய பாதை இடியாமல் இருக்கப் பக்கத்துக்கு ஒரு கால், மேலே ஒரு குறுக்குக் கட்டை. ஓக் மரம் நீடித்து உழைக்கும். ஆனால் ஸ்ப்ரூஸ் போன்ற ஊசியிலை மரத்துக்கு ஒரு குணம் உண்டு: பாரம் மிஞ்சினால் முறிவதற்கு முன் கிறீச்சென்று சத்தம் போடும். அந்தச் சத்தத்தைக் கேட்டு ஓடித் தப்பலாம் என்பதால் சுரங்கத்தார் அதை விரும்பினார்கள். ஏணி, வாளி, தண்ணீர் இறைக்கும் சக்கரம், வாய்க்கால் எல்லாம் இதற்கு மேல்.

மூன்றாவதுதான் பெரும்பசி: தாதுவை வறுப்பதும் உருக்குவதும். வறுக்க விறகு போதும். உருக்கக் கரி வேண்டும்.

விறகையே உலையில் போட்டால் என்ன?

உலைக்குள் போதுமான சூடு ஏறாது. காற்றில் உலர்ந்த விறகிலும் எடையில் 15 முதல் 20 சதவீதம் தண்ணீர் இருக்கும். அதை ஆவியாக்கவே சூட்டில் ஒரு பங்கு போய்விடும். கிலோவுக்குக் கிலோ பார்த்தால் நல்ல மரக்கரி உலர்ந்த விறகைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு வெப்பம் தரும்.

வெப்பம் பாதிக் கதைதான். உலைக்கு வரும் இரும்புத் தாதுவிலும் வறுத்த தாதுவிலும் உலோகம் ஆக்சிஜனோடு சேர்ந்திருக்கும். அந்த ஆக்சிஜனைப் பிரித்தெடுக்கக் கார்பன் மோனாக்சைடு வேண்டும். துருத்திக் காற்று சிவந்த கரியின் ஊடாகப் போகும்போது அந்த வாயு உருவாகிறது. ஆகவே கரி எரிபொருளும் ஆகிறது, ரசாயனப் பொருளும் ஆகிறது. நிலக்கரி ஏன் இல்லை என்றும் கேட்பார்கள். நிலக்கரியில் உள்ள கந்தகம் இரும்பில் ஏறினால், காய்ச்சி அடிக்கும்போது இரும்பு விரிசல் விட்டு உடைந்துவிடும். நிலக்கரியைக் கோக்காக மாற்றி இரும்பு உருக்குவதில் ஆப்ரகாம் டார்பி வெற்றி கண்டது 1709-இல். இடைக்காலத்தில் அந்த வழியே கிடையாது.

கரிமூட்டம் எப்படிப் போட்டார்கள்?

ராமநாதபுரம் பக்கம் சீமைக் கருவேலத்தில் மூட்டம் போடுவதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. தத்துவம் அதேதான்: விறகைக் காற்றில்லாமல் வேகவைப்பது.

தொடக்கத்தில் குழிமூட்டம். தரையில் ஓரிரு மீட்டர் அகலத்துக்குக் குழி வெட்டி, விறகை நிரப்பி, பற்றவைத்து, மேலே மண் போட்டு மூடுவார்கள். கரி கொஞ்சம்தான் கிடைக்கும், பாதி சாம்பலாகவும் போகும். கோஸ்லார் உலைகளின் தேவை ஏற ஏற, இடைக்காலத்தின் நடுப்பகுதியில் தரைமேல் கட்டும் மூட்டம் அதன் இடத்தைப் பிடித்தது. ஜெர்மன்காரர்கள் இதை மைலர் என்பார்கள்.

மலைச்சரிவில் 8 முதல் 12 மீட்டர் அகலத்தில் வட்டமான சமதளம் வெட்டுவது முதல் வேலை. மேல்பக்கத்து மண்ணை வெட்டிக் கீழ்ப்பக்கம் நிரப்புவார்கள். தளத்தில் நீர் ஊறக்கூடாது. ஈரத் தரையிலிருந்து ஆவி கிளம்பினால் அடியில் உள்ள விறகு வேகாமல் கிடக்கும்.

நடுவில் இரண்டு மூன்று கம்புகளை நட்டுப் புகைபோக்கி மாதிரி ஒரு துளை விடுவார்கள். அதைச் சுற்றி ஒரு மீட்டர் நீளத்துக்கு அறுத்த கட்டைகளைச் செங்குத்தாக, உள்பக்கம் லேசாகச் சாய்த்து, இரண்டு அடுக்காக நிறுத்துவார்கள். உச்சியில் படுக்கைவாட்டில் ஒரு தொப்பி. இடைவெளி எங்கும் இருக்கக்கூடாது. சந்துகளில் சிறு குச்சிகளைத் திணிப்பார்கள். மேலே முதலில் ஸ்ப்ரூஸ் தழை, புல்கட்டி அல்லது பாசி. அதன் மேல் ஒரு சாண் கனத்துக்கு ஈரமண்ணும் பழைய கரித்தூளும் கலந்த பூச்சு. தழை எதற்கென்றால், மண் விறகுக்குள் கொட்டாமல் தடுப்பதற்கு.

அடியில் 8 மீட்டர் அகலம், 2.5 மீட்டர் உயரம் உள்ள மூட்டத்தில் சுமார் 60 கன மீட்டர் அடுக்கிய விறகு பிடிக்கும். பீச் மரமானால் அது 30 டன் அளவு. கிடைக்கும் கரி 6 டன்.

நடுத்துளை வழியாகத் தணலைப் போட்டுப் பற்றவைத்துத் துளையை மூடுவார்கள். பிறகு எல்லாமே புகையைப் பார்த்துத்தான். முதலில் கனமான வெள்ளைப் புகை: அது தண்ணீர். உள்ளே 270, 280 பாகை செல்சியஸைத் தாண்டியதும் மரம் தானாகவே சூட்டை வெளியிட ஆரம்பிக்கும், புகை மஞ்சளாகிக் காரமாக மூக்கைத் துளைக்கும். புகை மெலிந்து நீலமானால் அந்தப் பகுதி வெந்துவிட்டது என்று அர்த்தம். இன்னும் விட்டால் கரியே எரியும். உடனே அந்த இடத்துக் காற்றுத் துளையை அடைத்துவிட்டுக் கீழே புதுத் துளை போடுவார்கள். இப்படித் தீயை உச்சியிலிருந்து அடிக்கு இறக்கிக் கொண்டுவர, மூட்டத்தின் அளவைப் பொறுத்து ஒரு வாரம் முதல் மூன்று வாரம் ஆகும். பிறகு ஆற விட வேண்டும்.

இதில் என்னவெல்லாம் கெட்டுப்போகும்?

மூட்டம் வேகவேக அளவில் சுருங்கும். விறகின் கன அளவில் பாதிதான் கரியாக நிற்கும். எல்லாப் பக்கமும் ஒரே சீராக இறங்கினால் நல்லது. ஒரு பக்கம் மட்டும் உள்வாங்கினால் மேல்பூச்சு கீறி, காற்று புகுந்து, சில மணி நேரத்தில் அந்தப் பக்கம் முழுவதும் சாம்பல். அதனால்தான் கரி சுடுபவர்கள் மூட்டத்தின் அருகிலேயே குடிசை போட்டு, இரவிலும் விழித்துப் பார்த்தார்கள். பள்ளம் விழுந்தால் மேலே ஏறி, திறந்து, புது விறகைத் திணித்து, மறுபடி மூட வேண்டும். காலுக்குக் கீழே நெருப்பு. உள்ளே விழுந்தவர்களும் உண்டு.

காற்று திசை மாறினால் ஒரு பக்கம் வேகமாக எரியும். அந்தப் பக்கம் தட்டி கட்டுவார்கள். கட்டை ரொம்பத் தடியாக இருந்தால் நடுவில் வேகாத கொள்ளி மிஞ்சும். அதை உலையில் போட்டால் புகையும், சூடு இறங்கும். ஆகவே 10 முதல் 20 சென்டிமீட்டர் கனமுள்ள கட்டைதான் தோது, பெரியதைப் பிளக்க வேண்டும். காட்டின் கதையில் இந்த ஒரு விவரம் முக்கியமானது: கரிக்குப் பெருமரம் தேவையில்லை, இளமரம் வேண்டும். கடைசித் தவறு அவசரம். ஆறாத மூட்டத்தைத் திறந்தால் காற்று பட்ட நொடியில் கரி மறுபடி பற்றிக்கொள்ளும். மூன்று வார உழைப்பு கண்முன்னே போய்விடும்.

ஒரு டன் இரும்புக்கு எவ்வளவு காடு வேண்டும்?

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பழைய சிறு உலையில் தாதுவை உருக்கி, கசடை அடித்து வெளியேற்றி, கம்பியாக்குவது வரை ஒரு கிலோ இரும்புக்கு 10 முதல் 15 கிலோ கரி ஆகும். நடுவாக 12 என்று வைப்போம். ஒரு டன்னுக்கு 12 டன் கரி. விறகின் எடையில் ஐந்தில் ஒரு பங்குதான் கரி, ஆகவே 60 டன் விறகு. அடுக்கிய நிலையில் 120 கன மீட்டர். இடைவெளியைக் கழித்தால் திட மரமாக 80 கன மீட்டர்.

வெட்டி வெட்டித் தழைக்கவிடும் காடு ஆண்டுக்கு ஹெக்டேருக்கு 4 கன மீட்டர் தருகிறது என்று கொண்டால், 20 ஹெக்டேர், அதாவது ஏறக்குறைய 50 ஏக்கர் காடு ஆண்டுக்கு ஒரு டன் இரும்பை முடிவில்லாமல் தரும். இருபது பாத்தியாகப் பிரித்து வருடத்துக்கு ஒரு ஹெக்டேர் வெட்டினால் போதும். கடைசிப் பாத்திக்குப் போய்ச் சேரும்போது முதல் பாத்தி வளர்ந்து நிற்கும்.

மூட்டக்காரரின் கைத்திறன் இதில் எவ்வளவு பேசுகிறது என்று பாருங்கள். ஐந்தில் ஒன்றுக்குப் பதில் எடையில் 15 சதவீதம்தான் கரி தேறினால் அதே இரும்புக்கு ஏறக்குறைய 27 ஹெக்டேர் வேண்டும். 25 சதவீதம் தேறினால் 16 ஹெக்டேர் போதும்.

கரி சுரங்கத்துக்குப் போனதா, தாது காட்டுக்கு வந்ததா?

பலரும் தலைகீழாக நினைத்திருக்கும் விஷயம் இது. மரக்கரி நொறுங்கும் சரக்கு. குண்டும் குழியுமான பாதையில் வண்டி குலுங்கக் குலுங்கப் பாதி தூளாகிவிடும், தூள் உலைக்காகாது: காற்றோட்டத்தை அடைக்கும். தாது கல். எத்தனை மைல் போனாலும் கல்லாகவே இருக்கும். ஆகவே உலைகள் காட்டுக்குள் போயின. ராம்மெல்ஸ்பெர்க் தாதுவின் கசடு, சுரங்கத்திலிருந்து பல கிலோமீட்டர் தள்ளி ஹார்ஸ் காட்டின் ஓடைக்கரைகளில் கிடைக்கிறது.

சட்டமே இதைச் சொல்கிறது. 1271-இல் பிரவுன்ஷ்வைக் கோமகன் ஆல்பிரெக்ட் வழங்கிய உரிமைச் சாசனம் இரண்டு கூட்டத்தாரைப் பிரிக்கிறது: மோன்டானி, அதாவது மலையில் தோண்டுபவர்கள், சில்வானி, அதாவது காட்டில் உருக்குபவர்கள். உருக்காலைக்காரனுக்குக் ‘காட்டான்’ என்றே பெயர்!

இதன் விளைவு, பாதிப்பு ஒரே இடத்தில் குவியவில்லை. ஒரு ஓடைப் பள்ளத்தாக்கின் மரம் தீர்ந்ததும் உலையைப் பிரித்து அடுத்த பள்ளத்தாக்குக்குப் போனார்கள். புள்ளி புள்ளியாகக் காடு ஓட்டை விழுந்து, பின்னால் பழைய ஓட்டைகள் மூடிக்கொண்டன.

அப்படியென்றால் காடு அழியவில்லையா?

அழிந்த இடமும் உண்டு, பிழைத்த இடமும் உண்டு. எது எப்படி ஆனது என்பதைத் தீர்மானித்தது கோடரி அல்ல, கோடரிக்குப் பின்னால் வந்தது.

ஓக், பிர்ச், ஹேசல் போன்றவற்றை அடியோடு வெட்டினாலும் கட்டையிலிருந்து தளிர் கிளம்பும், கரும்பில் மறுதாம்பு வருவதுபோல. 15, 20 ஆண்டில் மறுபடி மூட்டத்துக்குத் தயார். ஆனால் அந்தத் தளிரை ஆடும் மாடும் மேய்ந்துவிட்டால், அல்லது கட்டையைப் பெயர்த்து ஏர் ஓட்டிவிட்டால், கதை முடிந்தது. சுரங்கத்தைச் சுற்றிக் குடியேறிய ஆயிரக்கணக்கானோருக்குச் சோறும் பாலும் வேண்டும் அல்லவா? பல இடங்களில் காட்டை நிரந்தரமாகத் துடைத்தது மேய்ச்சலும் உழவும்தான்.

தென்கிழக்கு இங்கிலாந்தின் வீல்ட் பகுதியைப் பாருங்கள். நூற்றாண்டுக் கணக்கில் இரும்பு உருக்கிய நாடு. இன்று இங்கிலாந்தில் காடு அடர்ந்த பகுதிகளில் அதுவும் ஒன்று. உலைக்காரனுக்கு நாளைக்கும் கரி வேண்டும். காடு அவனுக்கு முதல், அதாவது மூலதனம். அந்த மூலதனத்தை அழிக்க அவனுக்கு மனம் வராது. காட்டியல் வரலாற்றாளர் ஆலிவர் ராக்கம் இந்த வாதத்தை வலுவாக எடுத்து வைத்தவர். எங்கள் கருத்தும் இதற்கு அருகில்தான், ஒரு திருத்தத்தோடு: முதல் அவனுடையதாக இருந்தால்தான் இந்தக் கணக்கு பலிக்கும். அரசனின் காட்டில் இலவசமாக வெட்ட உரிமை கிடைத்த வெள்ளிச் சுரங்கத்தாருக்கு நாளைய கவலை அவ்வளவாக இல்லை.

ஜெர்மனியின் சீகர்லாண்ட் இன்னும் ஒரு படி மேலே போனது. ஊர்ப் பொதுக் காட்டைப் பாத்தி பிரித்து ஆண்டுக்கு ஒன்று வெட்டுவார்கள். வசந்தத்தில் ஓக் பட்டையை உரித்துத் தோல் பதனிடுபவர்களுக்கு, கட்டை கரிக்கு, வெட்டிய நிலத்தில் ஒரு போகம் ரை என்னும் தானியம். தளிர் மாட்டின் வாய்க்கு எட்டாத உயரம் வந்த பிறகுதான் மேய்ச்சல்.

காடு நின்றது, சரி. அதே காடாக நின்றதா?

இல்லை. சரியான கேள்வி இதுதான்.

ஹார்ஸின் தாழ்ந்த சரிவுகளில் இயற்கையாக ஆட்சி செய்தது பீச். ஸ்ப்ரூஸ் உயரமான, குளிர்ந்த பகுதிக்கு உரியது. திரும்பத் திரும்ப வெட்டியபோது பீச் தோற்றது. வெட்டிய கட்டையிலிருந்து தழைப்பதில் அது சோம்பேறி. வெளிச்சம் விழுந்த வெற்றிடத்தில் பிர்ச் விதை பறந்து வந்து முளைத்தது. முதுமரம் குறைந்து, எங்கும் ஒரே வயதுள்ள மெல்லிய மரங்கள் நின்றன. முதுமரத்தின் பொந்தில் வாழ்ந்த பறவைக்கும் உளுத்த மரத்தில் வாழ்ந்த வண்டுக்கும் அது வேறு காடு.

எழுநூறு ஆண்டுக்கு முந்தைய மரவகை இன்று எப்படித் தெரியும்?

இரண்டு சாட்சிகள். சதுப்பு நிலத்தில் அடுக்கடுக்காகப் படிந்த மகரந்தம், எந்தக் காலத்தில் எந்த மரம் பெருகியது என்று காட்டும். இன்னொன்று கரித்தளத்தில் சிதறிய கரித்துண்டே. நுண்ணோக்கியில் அதன் செல் அமைப்பைப் பார்த்தால் மரவகை தெரியும். வளர்ச்சி வளையம் நன்றாக வளைந்திருந்தால் மெல்லிய கட்டை, கிட்டத்தட்ட நேர்கோடாக இருந்தால் பெருமரம். ஒரே தளத்தின் அடிப் படிவில் பெருமரமும் மேல் படிவில் மெல்லிய கட்டையும் வந்தால், காடு தேய்ந்த கதை கையிலேயே இருக்கிறது.

கறுப்புச் சாவு காட்டைக் காப்பாற்றியதா?

ஒரு விதத்தில். 1347-க்குப் பிறகு பிளேக் ஐரோப்பாவின் மக்கள்தொகையில் பெரும்பங்கைக் கொன்றது. சுவிஸ்-இத்தாலி எல்லையில் உள்ள கோலெ ஞிஃபெட்டி பனிப்பாறையைத் துளைத்து எடுத்த மாதிரியில், 1349 முதல் 1353 வரையிலான அடுக்கில் காற்றில் கலந்த ஈயம் ஏறக்குறைய இல்லாத அளவுக்கு இறங்கியிருக்கிறது. ஈயம் உருக்க ஆளில்லை. ஹார்ஸில் சுரங்கங்களில் நீர் நிரம்பியதும் சேர்ந்துகொண்டது. வேலை நெடுங்காலம் முடங்கியது, காடு திரும்பி வந்தது. 16-ஆம் நூற்றாண்டில் மேல் ஹார்ஸில் சுரங்க வேலை மறுபடி சூடுபிடித்தபோது கோடரிக்குக் கிடைத்தது இந்த இரண்டாவது காடு.

மொட்டை மலைகளைக் காட்டும் பழைய ஓவியங்களும் விறகுப் பஞ்சப் புலம்பல்களும் பெரும்பாலும் இதற்குப் பிந்தைய 16, 17, 18-ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. அவற்றை எடுத்து இடைக்காலத்தின் தலையில் கட்டுவது அடிக்கடி நடக்கும் பிழை.

வெட்டாத மரமும் செத்ததாமே?

ஆம், புகையால். ராம்மெல்ஸ்பெர்க் தாதுவில் கந்தகம் அதிகம். உருக்குவதற்கு முன் விறகு அடுக்கின்மேல் தாதுவைக் குவித்துத் திறந்தவெளியில் வறுத்துக் கந்தகத்தை வெளியேற்றுவார்கள், அதுவும் பல தடவை. கிளம்பும் கந்தக டை ஆக்சைடு சுற்றிலும் உள்ள இலைகளைக் கருக்கும், மண்ணை அமிலமாக்கும். ஈயம், துத்தநாகம், செம்பு கலந்த தூசு மண்ணில் தங்கும். வெட்டிய காடு இருபது ஆண்டில் திரும்பும். நஞ்சேறிய மண் திரும்பாது. பழைய கசடுமேடுகளில் இன்றும் மரம் வராமல், உலோகத்தைத் தாங்கும் சில புல்பூண்டு மட்டும் வளர்வதைப் பார்க்கலாம்.

தடுக்கச் சட்டம் ஏதும் இருந்ததா?

நிறைய. இங்கிலாந்தின் டீன் காட்டில் ஃபிளாக்ஸ்லி மடத்தின் உலைக்கு வாரத்துக்கு இரண்டு ஓக் மரம் என்று இரண்டாம் ஹென்றி மானியம் கொடுத்திருந்தார். காட்டுக்குக் கேடு என்று கண்டு 1258-இல் மூன்றாம் ஹென்றி அதை நிறுத்திவிட்டு, மடத்துக்கென்று தனியாக ஒரு காட்டைப் பிரித்துக் கொடுத்தார். இனி உன் காட்டை நீ பார்த்துக்கொள் என்பதுதான் அதன் பொருள். முன்பு சொன்ன ‘முதல்’ கணக்கை அரசனே ஒத்துக்கொண்ட மாதிரி.

நியூரம்பெர்க்கில் பேட்டர் ஷ்ட்ரோமர் என்னும் வணிகர் 1368-இல் பேரரசுக் காட்டில் ஊசியிலை மர விதைகளை விதைத்தார். உலோக வணிகத்தில் ஈடுபட்ட குடும்பம். கரி இல்லையென்றால் தொழில் இல்லை என்பது அவருக்குத் தெரியும். வெட்டுவதைத் தடுத்த சட்டங்கள் எத்தனையோ இருக்க, திட்டமிட்டுக் காட்டை விதைத்த முதல் முயற்சிகளில் ஒன்றாக இது நிற்கிறது.

1168-இல் வெள்ளி கண்டுபிடிக்கப்பட்ட சாக்சனியின் ஃபிரைபெர்க் வட்டாரத்தில் சுரங்க அதிகாரியாக இருந்த ஹான்ஸ் கார்ல் ஃபொன் கார்லோவிட்ஸ், வளரும் அளவுக்குத்தான் வெட்ட வேண்டும் என்று நூல் எழுதியது 1713-இல். இன்று ‘நீடித்த வளர்ச்சி’ என்று எல்லோரும் சொல்வதன் ஜெர்மன் வேர் அதில் இருக்கிறது. அக்கறை பிறந்தது காட்டின்மேல் இருந்த அன்பால் அல்ல, உலை அணைந்துவிடும் என்ற பயத்தால்.

வட ஜெர்மனியின் லூனபுர்க் புதர்வெளி உப்புக் காய்ச்சியதால் உருவானது என்கிறார்களே?

சுற்றுலா வழிகாட்டிகள் விடாமல் சொல்லும் கதை. உப்பாலை ஏராளமான விறகைத் தின்றது உண்மை. ஆனால் அந்தப் புதர்வெளி உப்பாலைக்கு மிகவும் முன்பே, புதிய கற்கால மேய்ச்சலோடு உருவாகத் தொடங்கியதை மகரந்தம் காட்டுகிறது.

இன்றைய ஹார்ஸ் காட்டுக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

உண்டு. சுரங்கம் மொட்டையடித்த சரிவுகளில் 18-ஆம் நூற்றாண்டிலிருந்து வேகமாக வளரும், நேராக நிற்கும், முட்டுக்கட்டைக்கு ஏற்ற ஸ்ப்ரூஸை வரிசை வரிசையாக நட்டார்கள், பீச் நிற்க வேண்டிய தாழ்ந்த பகுதிகளிலும். 2018-இல் தொடங்கிய வறட்சியில் அந்த மரங்கள் வாடின. பட்டைத் துளைப்பான் வண்டு மலை மலையாக அவற்றைச் சாய்த்தது. சாம்பல் நிறத்தில் நிற்கும் அந்தக் குச்சிக்காட்டைப் பார்க்கும் பயணிகள் பருவநிலை மாற்றம் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகிறார்கள். பாதி விடை சுரங்கத்தில் இருக்கிறது.

பழைய கரித்தளத்தைக் காட்டில் எப்படி அடையாளம் காண்பது?

சரிவில் காரணமில்லாமல் ஒரு வட்டச் சமதளம், 8 முதல் 12 மீட்டர் அகலத்தில், மேல்பக்கம் வெட்டு, கீழ்ப்பக்கம் மேடு. பக்கத்திலேயே பழைய பாதையும் சிறு ஓடையும் இருக்கும். மேல்பூச்சை நனைக்கவும் தீயணைக்கவும் தண்ணீர் வேண்டும். மழைக்குப் பிறகு போனால், எலி வளை தோண்டிய மண்ணோ மரம் வேரோடு சாய்ந்த குழியோ கன்னங்கரேல் என்று இருக்கும். விரலில் தேய்த்தால் கறுப்பு ஒட்டும். விமானத்திலிருந்து லேசர் கதிரால் தரையை அளக்கும் லைடார் படங்களில் இவை சரிவெங்கும் அம்மைத் தழும்புபோலத் தெரிகின்றன. குழி மூட்டமாக இருந்தால் தளம் இருக்காது, ஓரிரு மீட்டர் அகலப் பள்ளம் மட்டும். வெடிகுண்டுப் பள்ளம் என்று பலர் ஏமாறுவது இதில்தான். கறுப்பு மண்ணைப் பார்த்துவிட்டு உறுதி செய்யுங்கள். மண்வெட்டியோடு போகாதீர்கள், தோண்டக் கூடாத தொல்லியல் இடங்கள் இவை, ஒரு தளத்தின் அடுக்கு கலைந்தால் மரவளையச் சாட்சியமும் கலைந்துவிடும்.